‘டாங்க்’ என்னும் பலபொருள் ஒருசொல்

ஒரு மொழியிற் பெருவழக்காய் வழங்குஞ் சொற்களே பொருள் பலவுடையனவாய் அமைதல் இயல்பு. அரிய சொல்லுக்கு அகராதியில் ஒரு வரி போதும். எளிய சொல்லுக்கோ ஒரு பத்தியும் போதாது. எனினும், அரிய சொல்லைக் காணும் மாணாக்கன் அதன் பொருள் அறியாமையை உணர்ந்து அகராதியை நாடுகின்றான். எளிய சொல்லையோ முன்னரே அறிந்ததாகக் கருதிக் கடந்து செல்கின்றான். மொழிப் பயிற்சியிலும் மொழிபெயர்ப்பிலும் நேரும் பிழைகளுட் பல இவ்வெளிய சொற்கள் வாயிலாகவே நேர்கின்றன. ‘டாங்க்’ என்னும் ஆங்கிலச் சொல் அத்தகையது. ஆங்கிலம் வழங்கும் நாடெங்கும் அது வழங்குகின்றது. ஆயினும், அதன் பொருள் வளர்ச்சியின் தலையாய படிகள் மூன்றையும் ஒரே நிலத்தில் வைத்துக் காணத்தக்க இடங்கள் சிலவே. குளத்தால் வாழ்ந்து, போரால் நலிந்து, மீண்டும் குளத்தையே நம்பி நிற்கும் வன்னிப் பெருநிலப்பரப்பு அவற்றுள் ஒன்று.

பலபொருள் ஒருசொல்லைப் பற்றிய ஆராய்ச்சி தமிழிலக்கணத்துக்குப் புதியதன்று. தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் அத்தகைய சொற்களை இருவகையாகப் பகுத்தார். வினையால் பொருள் வேறுபாடு விளங்குவன ஒருவகை. வினையால் விளங்காதன மற்றொருவகை. முன்னவற்றின் பொருளைத் துணிதற்கு வினை, இனம், சார்பு என்னும் மூன்றும் கருவிகளாம். உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டும் ‘மா’ என்னும் சொல்லைக் கொள்க. அது பூத்தது எனின் மரமென்றும், ஓடிற்று எனின் விலங்கென்றும் கேட்போன் துணிவான். விழுந்தது எனின் அவ்வாறு துணிதல் இயலாது. மரமும் விழும், விலங்கும் விழும். அவ்விடத்துத் தான் கருதிய பொருள் இதுவென வெளிப்படக் கூறுதல் கூறுவோன் கடனாகும். சூடாமணி நிகண்டும் தன் பதினோராந் தொகுதியை ஒருசொற் பலபொருளுக்கே உரியதாக்கிற்று. ஆகவே, இத்துறையில் ஆங்கிலச் சொல்லொன்றை ஆராயப் புகுவோர்க்குத் தமிழ் மரபே அளவுகோலைத் தந்துளது எனலாம்.

இனி, ‘டாங்க்’ என்னும் சொல்லின் பிறப்பை நோக்குக. ஆங்கிலத்தில் இச்சொல் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே காணப்படுகின்றது. அக்காலத்து அது குறித்த பொருள் உலோகக் கலமன்று. இந்திய நிலத்து நீர்நிலையே. குசராத்தி, மராத்தி மொழிகளில் இதனோடு ஒத்த ஒலியுடைய சொற்கள் நீர்த்தொட்டியையும் நீர்நிலையையும் குறித்து வழங்குகின்றன. போர்த்துக்கீச மொழியிலும் ‘தாங்கெ’ என்றொரு சொல் உண்டு. நீரோட்டத்தைத் தடுத்து நிறுத்துதல் என்னும் பொருளடியாகப் பிறந்தது அது. இவ்விரண்டனுள் எது மூலம் என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு நிலவுகின்றது. 1886ஆம் ஆண்டில் யூல், பேர்னல் என்னும் இருவர் பெயரில் வெளிவந்த ‘ஹொப்சன் ஜொப்சன்’ என்னும் சொற்கோவை இவ்வழக்கை விரிவாக எடுத்து ஆராய்கின்றது. இந்திய வழக்கும் போர்த்துக்கீச வழக்கும் ஒன்றையொன்று தழுவி ஆங்கிலத்துட் புகுந்தன என்று கொள்ளுதல் பொருத்தமாம். இந்தியச் சொல்லை வடமொழித் ‘தடாகம்’ என்பதனோடு இயைத்துக் காண்பாரும் உளர்.

ஈண்டு ஒரு தடுமாற்றத்தைக் களைதல் வேண்டும். தமிழில் ‘தாங்கல்’ என்றொரு சொல் சிறு பாசன நீர்நிலையைக் குறித்து வழங்குகின்றது. வேடந்தாங்கல், பழவந்தாங்கல் முதலிய தொண்டை நாட்டு ஊர்ப்பெயர்கள் இதற்குச் சான்று. ஈழத்துத் தமிழில் நீரையும் எண்ணெயையும் கொள்ளும் பெருங்கலம் ‘தாங்கி’ எனப்படுகின்றது. இவ்விரண்டையும் கண்டு, ஆங்கிலச் சொல்லே ‘தாங்கு’ என்னும் தமிழ் வினையடியிற் பிறந்தது என்று கூற விழைதல் எளிது. ஆயினும் ஒலியொப்புமை ஒன்றே உறவுக்குச் சான்றாகாது. ஒரு சொல் எந்நூலில், எக்காலத்தில், எவ்வழியாக வந்தது என்னும் வரலாறு வேண்டும். டாங்க் என்பதற்குக் கிடைக்கும் வரலாறு மேலைக் கடற்கரையையும் போர்த்துக்கீசரையும் சுட்டுகின்றதேயன்றித் தமிழ்நிலத்தைச் சுட்டவில்லை. சுமைதாங்கி, இடிதாங்கி என்னும் பழகிய ஆட்சிகளின் வழியே ‘தாங்கி’ என்பது தமிழுக்கு இயல்பாய் அமைந்தது. அயற்சொல்லின் ஒலியோடு அது ஒத்தமை மொழிபெயர்த்தோர்க்கு வாய்த்த நற்பேறு. அதனை நற்பேறாகவே கொள்ளுதல் முறை. உரிமைப் பத்திரமாகக் கொள்ளுதல் முறையன்று.

இச்சொல்லின் முதற்பொருளாகிய நீர்நிலை இங்கிலாந்தின் பொதுவழக்கிற் பின்தங்கிப் போயிற்று. இந்தியாவிலும் இலங்கையிலும் எழுதப்படும் ஆங்கிலத்திலோ அது இன்றுகாறும் உயிரோடு உள்ளது. இலங்கையில் ஆட்சி புரிந்த ஆங்கில அலுவலர் தம் அறிக்கைகளில் உலர்வலயத்து நீர்நிலைகளை டாங்க் என்றே எழுதினர். வன்னி மாவட்டங்களைப் பற்றி ஜே. பி. லூயிஸ் 1895ஆம் ஆண்டில் வெளியிட்ட கையேடு இந்நிலத்துக் குளங்களை அறிய விழைவோர் இன்றும் நாடும் நூலாகும். ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் 2017ஆம் ஆண்டில் இலங்கை உலர்வலயத்தின் தொடர்குள, கிராம அமைப்பை உலக விவசாய மரபுரிமைகளுள் ஒன்றாக ஏற்றது. அவ்வேற்பிலும் ஆங்கிலப் பெயர் டாங்க் என்பதைக் கொண்டே அமைந்தது. ஆகவே, வன்னி மாணாக்கன் தன் ஊர்க்குளத்தை ஆங்கிலத்தில் டாங்க் என எழுதுதல் பிழையன்று. அது நானூறு ஆண்டுப் பழமையுடைய ஆட்சி.

பிழையன்றாயினும் அச்சொல் போதுமானதா என்பது வேறு வினா. வன்னி ஊர்ப்பெயர்களை நிரல்பட வைத்து நோக்கினால் விடை புலனாகும். மாங்குளம், செட்டிகுளம், அக்கராயன்குளம் என்பவற்றிற் குளம் உளது. இரணைமடு, விசுவமடு, சேமமடு என்பவற்றில் மடு உளது. மடு என்பது நீர் தேங்கும் ஆழ்பள்ளம். நொச்சிமோட்டை என்பதில் மோட்டை உளது. அது சிறு நீர்நிலை. முத்தையன்கட்டு, உடையார்கட்டு என்பவை நீரைத் தடுத்த கட்டையே பெயராக்கின. தண்ணிமுறிப்பு, மூன்றுமுறிப்பு என்பவை கட்டு முறிந்ததனை நினைவூட்டுவன. நெடுங்கேணி என்பதில் கேணி உளது. நீரைப் பெயராகக் கொண்ட இவ்வூர்கள் நீரின் அளவையும், நிலத்தின் அமைப்பையும், முன்னோர் முயற்சியையும், அம்முயற்சிக்கு நேர்ந்த இடையூற்றையும் தம் பெயரிலேயே பொதிந்து வைத்துள்ளன. ஆங்கிலச் சொல்லோ இவற்றையெல்லாம் ஒரே தட்டில் வைத்து டாங்க் என்று முடித்துவிடுகின்றது. வவுனிக்குளம் என்னும் பெயரோடு மீண்டும் டாங்க் என்பதைச் சேர்த்து எழுதும்போது குளத்தின்மேற் குளம் அடுக்கப்படுகின்றது. கனகராயன் ஆற்று நீரைத் தேக்கி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைந்த இரணைமடுவிலோ ‘இரட்டை மடு’ என்னும் நிலக்குறிப்பு ஆங்கிலம் மட்டும் அறிந்தார்க்குப் புலப்படாமலே போகின்றது. மன்னார்க் கட்டுக்கரைக் குளம் ஆங்கிலத்தில் ‘இராட்சதனின் டாங்க்’ என்று பெயர் பெற்றது. தமிழ்ப்பெயர் அதன் கட்டைக் காட்ட, ஆங்கிலப் பெயர் ஒரு பழங்கதையைக் காட்டுகின்றது.

குளம் என்னும் தமிழ்ச்சொல்லும் எங்கும் ஒருபடித்தாய் வழங்குவதன்று. தமிழ்நாட்டின் வடபகுதியில் வயலுக்கு நீர் தருவது ஏரி. பாண்டிநாட்டில் அது கண்மாய். யாழ்ப்பாணக் குடாநாட்டிற் குளம் என்பது மாரிநீர் தேங்கும் ஊர்ப்பொது நீர்நிலை. தோட்டத்துக்கு நீர் தருவது கிணறு. வன்னியிலோ குளமே வயலின் தாய். கட்டு, துருசு, வான், அலைகரை, வாய்க்கால் ஆகிய உறுப்புகள் பொருந்திய முழு அமைப்பே அங்குக் குளம் எனப்படும். துருசு திறந்தால் சிறுபோகம் விளையும். வான் பாய்ந்தால் மாரி நிறைந்தது என்பது பொருள். இலங்கையின் பழைய நீர்த்தேக்கங்களை ஆராய்ந்த பொறியியலாளர் ஹென்றி பார்க்கர் 1909ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில், அவற்றின் மதகமைப்பில் விளங்கும் நுண்ணறிவைப் பெரிதும் பாராட்டினார். பள்ளத்தில் நின்ற நீரன்று குளம். அளந்து தேக்கி, அளந்து விடும் பொறி அது. இப்பொருளைத் தாங்கும்போதே டாங்க் என்னும் சொல் வன்னிக்கு உரியதாகும். அதனை விடுத்து, நீர் நிரம்பிய பள்ளம் எனக் கற்பிக்கப்படுமாயின், சொல்லும் குறைவுபடும், குளமும் குறைவுபடும்.

இரண்டாவது பொருள் கலம். 17ஆம் நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே ஆங்கிலத்தில் இச்சொல் நீர்மப்பொருளைக் கொள்ளும் பெருங்கலத்தையும் குறிக்கத் தொடங்கிற்று. நிலத்தில் தேக்கிய நீரிலிருந்து பாத்திரத்தில் தேக்கிய நீருக்குப் பொருள் நகர்ந்தது. பின்னர் நீர் என்னும் வரம்பும் நீங்கிற்று. எண்ணெய், எரிபொருள், வாயு யாவும் டாங்க்கில் அடங்கின. தமிழ் இங்கு வேறுபாடு காட்டுகின்றது. வீட்டுக்கு மேலிருப்பது நீர்த்தாங்கி. முற்றத்திற் கட்டியது தொட்டி. உந்துருளியில் உள்ளது எரிபொருள் தாங்கி. திருகோணமலையிற் பிரித்தானியர் அமைத்த பெருங்கலங்களை ஈழத்துச் செய்தித்தாள்கள் எண்ணெய்க் குதங்கள் என்று எழுதுகின்றன. ஆங்கிலம் அடைமொழியால் வேறுபடுத்துவதைத் தமிழ் பல இடங்களில் தனிச்சொல்லாலேயே வேறுபடுத்துகின்றது என்பது இதனாற் பெறப்படும்.

மூன்றாவது பொருள் போர்ப்பொறி. இஃது எவ்வாறு பிறந்தது என்பது சொல்லாராய்ச்சியில் மிகச் சுவையானதொரு பகுதி. ஏனைய இரு பொருள்களும் ஒன்றிலிருந்து ஒன்று இயல்பாக வளர்ந்தன. இதுவோ மறைப்பதற்காக இட்ட பெயர். முதலாம் உலகப்போரின்போது இங்கிலாந்தின் லிங்கன் நகரில் ஒரு புதிய கவச ஊர்தி இரகசியமாக உருவாக்கப்பட்டது. அதன் உண்மை இயல்பு பகைவர்க்குத் தெரியலாகாது என்று கருதி, தொலைவிலுள்ள போர்முனைக்குத் தண்ணீர் கொண்டு செல்லும் கலம் போலத் தோன்றும் பெயரை 1915ஆம் ஆண்டின் இறுதியில் அதற்கு இட்டனர். 1916ஆம் ஆண்டு செப்டெம்பர் 15ஆம் நாள் பிரான்சின் சொம் போர்க்களத்தில் அது முதன்முதல் இறங்கிற்று. மறைவு நீங்கிற்று, பெயர் மட்டும் நிலைத்தது. தாகந் தீர்ப்பதன் பெயர் உயிர் தீர்ப்பதற்கு ஆயிற்று. தமிழில் இப்பொறி போர்த்தாங்கி என்றும் டாங்கி என்றும் வழங்குகின்றது. இப்பெயர்களுள் நீரின் நினைவு சிறிதும் இல்லை. ஆங்கிலத்தில் அது புதைந்து கிடக்கின்றது.

இம்மூன்றும் தலையாய பொருள்கள். இவற்றின் கிளைகளும் சில உள. மீன் வளர்க்கும் கண்ணாடிக் கலமும், மலக்கழிவு சேரும் நிலத்தடிக் குழியும் இரண்டாம் பொருளின் கிளைகள். கையில்லாச் சட்டையொன்று ‘டாங்க் டொப்’ எனப்படுகின்றது. நீச்சற்குளத்துக்கும் டாங்க் என்னும் பெயர் இருந்தமையால் நீந்தும் உடை அப்பெயர் பெற்று, அதனை ஒத்த மேற்சட்டைக்கும் பின்னர் அது சென்றது. ‘திங்க் டாங்க்’ என்பது தொடக்கத்தில் மூளையை வேடிக்கையாகக் குறித்துப் பின்னர் ஆய்வறிஞர் குழுவுக்குப் பெயராயிற்று. வினைச்சொல்லாய் வழங்குமிடத்து அது தோல்வியடைதலையும் குறிக்கும். விளையாட்டில் வேண்டுமென்றே தோற்றலைக் குறித்த கொச்சை வழக்கே அதற்கு மூலம். சொல்லுக்குச் சொல் பெயர்த்து ‘சிந்தனைத் தாங்கி’ என எழுதுவோன் நகைப்புக்கு இடமாவான். அத்தகைய பிழை நகைப்போடு முடிந்துவிடும். அதனினும் ஆழமான பிழைக்கு இடந்தருவன முற்கூறிய மூன்று பொருள்களே.

தொல்காப்பியர் தந்த கருவிகளை இனி இங்கே பொருத்திக் காண்க. டாங்க் தூர்ந்தது, வான் பாய்ந்தது எனின் வினையே குளத்தைக் காட்டிவிடும். துருப்பிடித்தது எனின் கலம். சுட்டது, முன்னேறிற்று எனின் போர்ப்பொறி. வினை தெளிவு தாராவிடத்து இனம் உதவும்: கட்டும் வயலும் அருகிருப்பின் குளம், குழாயும் கலனளவும் அருகிருப்பின் கலம், காலாட்படை அருகிருப்பின் போர்ப்பொறி. இனமும் இல்லாவிடத்துச் சார்பு உதவும்: நீர்ப்பாசன அறிக்கையும், வாகனத் திருத்தகக் கணக்கும், போர் வரலாறும் தத்தம் பொருளைத் தாமே தரும். இவ்வளவும் முதல்வகைச் சொல்லின் இயல்பு. ஆனால் ‘அழிந்தது’, ‘உடைந்தது’, ‘பழுது பார்க்கப்பட்டது’ என்னும் வினைகள் மூன்று பொருளுக்கும் பொதுவாவன. அங்கே இச்சொல் இரண்டாம் வகையினைச் சார்ந்துவிடுகின்றது.

இஃது ஏட்டளவில் நிற்கும் நுணுக்கமன்று. 2008ஆம் ஆண்டின் முடிவிலும் 2009ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் கிளிநொச்சியில் நிகழ்ந்தவற்றை எண்ணுக. நகரின் பெரிய நீர்த்தாங்கி போரிடையே வீழ்த்தப்பட்டது. வீழ்ந்த அவ்வுருவம் போருக்குப் பின்னரும் பல ஆண்டுகள் வருவோர் கண்டு செல்லுமாறு கிடந்தது. 2009 ஜனவரியில் கல்மடுக் குளத்தின் கட்டு போரிடையே தகர்க்கப்பட்டு நீர் பெருக்கெடுத்தது. அதே மாதத்தில் அதே நிலப்பரப்பில் போர்ப்பொறிகளும் இயங்கின. இக்காலத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதும் ஒருவர், கிளிநொச்சிப் பகுதியில் டாங்க் ஒன்று அழிக்கப்பட்டது என்று வரைவாராயின், வினை பொருளைக் காட்டாது, இனம் காட்டாது, போர்க்காலம் என்னும் சார்பும் காட்டாது. தொலைநாட்டில் அதனைப் படிப்போன் போர்ப்பொறி என்றே கொள்வான். உண்மையில் அழிந்தது ஒரு நகரத்தார் குடித்த நீராயிருக்கலாம். அல்லது பல குடும்பங்களின் வயலுக்கு உயிரான குளமாயிருக்கலாம். பொறி அழிந்தால் அது படைக்கணக்கில் ஓர் எண். குளம் உடைந்தால் ஒரு போகமும் ஊரின் உணவும் அதனோடு போகும். ஒரு சொல்லின் மயக்கத்தால் மக்களது இழப்பு படையின் இழப்பாக மாறிப் பதிவாகிவிடக்கூடும். கருதிய பொருளை வெளிப்படக் கூறுக என்னும் இலக்கண விதி இங்கே வரலாற்று நேர்மைக்கும் விதியாகின்றது.

இவ்வாறாக, ஆங்கிலச் சொற்பொருளைப் பட்டியலாக மனனஞ் செய்விக்கும் முறை எத்துணைக் குறைபாடுடையது என்பது புலனாகும். டாங்க் எதிரே குளம் என்று ஒரு வரியும், அல்லது தாங்கி என்று ஒரு வரியும் எழுதி முடிப்பது சொல்லைக் கற்பித்தலாகாது. அப்பட்டியலைக் கற்ற மாணாக்கன் இருமுனையிலும் இழக்கின்றான். ஆங்கிலத்திற் பொருள் மயங்குகின்றான். தமிழில் மடுவையும் மோட்டையையும் கேணியையும் குளம் என்ற ஒரு சொல்லுக்குள் அடக்கி, முன்னோர் பிரித்தறிந்ததைப் பிரித்தறியாதவனாகின்றான். அயல்மொழியைக் கவனமின்றிக் கற்பதனால் தாய்மொழியின் நுட்பமும் மழுங்கும் என்பதற்கு இஃது ஏற்ற சான்று. ஆங்கிலம் வேண்டா என்று வாதிடுவோர்க்கு இஃது அரணாகாது. வேண்டுவது ஆங்கிலத்தைக் குறைத்தலன்று. அதனை ஆழமாகக் கற்பித்தல்.

அதற்கு வழி அரிதன்று. சொல்லைத் தனியே கொடாது, வினையோடும் இனத்தோடும் சார்போடும் சேர்த்து வாக்கியமாகக் கொடுத்தல் வேண்டும். மூன்று வாக்கியங்களை மூன்று தமிழ்ச்சொல்லாற் பெயர்க்கும் பயிற்சி, மூப்பது சொற்களை மனனஞ் செய்வதினும் பயன் மிக்கது. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் பெயர்க்குமிடத்து, இரணைமடு, முத்தையன்கட்டு என்னும் இடப்பெயர்களைச் சிதையாது காத்து, டாங்க் என்பதன் முன்னே பாசனம் என்னும் பொருள்தரும் அடையைச் சேர்த்தல் தகும். அவ்வாறு செய்யின் இலங்கை ஆங்கிலத்தின் பழைய ஆட்சியும் பேணப்படும். அயல்நாட்டுப் படிப்போனும் மயங்கான். துருசு, வான், அலைகரை முதலிய சொற்களை வயலோரத்து முதியோரிடமிருந்து கேட்டு எழுதிவருமாறு மாணாக்கரை ஏவுதலும் மொழிப் பாடத்தின் பகுதியாதல் வேண்டும். நீர்நிலையைக் குறித்துத் தோன்றிய டாங்க் என்னும் சொல் உலகெங்கும் பல உருக்கொண்டது. அவ்வுருக்களுள் மூன்றைத் தன் நிலத்திலேயே கண்ட சமுதாயத்தின் பிள்ளைகள், அவற்றைப் பிறர்க்குப் பிரித்துரைக்கும் தகுதியும் கடப்பாடும் உடையராவர் என்க.